எண்ணத் தெரிந்தால் அளக்கத் தெரியுமா?

களத்துமேட்டில் நெல் அளப்பதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். மரக்காலில் முகந்து கொட்டுபவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லமாட்டார், 'லாபம்' என்பார். பிறகு இரண்டு, மூன்று என்று தொடரும். அவர் நெல்மணிகளை எண்ணுவதில்லை. மணி மணியாக எண்ணினால் கணக்கு இன்னும் துல்லியமாக இருக்குமே என்று எவரும் அவரிடம் சொல்லப்போவதும் இல்லை. ஆனால் விதைநெல் எப்படி முளைக்கும் என்று சோதிக்க விரும்பும் அதே உழவர், நூறு மணிகளை ஒவ்வொன்றாக எண்ணித்தான் ஈரத்துணியில் பரப்புகிறார். கொஞ்சமாக இருப்பதை எண்ணுகிறோம். குவியலாக இருப்பதை அளக்கிறோம்.

கதிர்வீச்சை அறியும் கருவிகளிலும் இந்த இரு வகைகள் உண்டு. வந்து விழும் ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவி ஒரு வகை. அவை உண்டாக்கும் மின்னூட்டத்தை எல்லாம் சேர்த்து வைத்து, கடைசியில் மொத்தத்தை அளக்கும் கருவி மற்றொரு வகை. இவற்றில் முதல் வகைக்கு இக்காலத்தில் பெரும் மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. 'ஒவ்வொரு ஃபோட்டானும் தனித்தனியே எண்ணப்படுகிறது. ஆகவே இரைச்சல் இல்லை, பிழை இல்லை' என்ற வாசகத்தை இக்கருவிகளைப் பற்றிய விளம்பரத் தாள்களிலும், ஏன், சில பாடக்குறிப்புகளிலும்கூடக் காணலாம். இக்கட்டுரையில் நான் குறைகூற வந்தது கருவியை அன்று; இந்த வாசகத்தைத்தான். இதன் முதற்பாதி உண்மை. இரண்டாம் பாதி, கற்றை வலுவிழந்து இருக்கும்வரை மட்டுமே உண்மை.

இதை நான் முதன்முதலில் சந்தித்தது கல்லூரி ஆய்வுக்கூடத்தில். எந்தக் கல்லூரி என்பது இங்குத் தேவையில்லை. கெய்கர் எண்ணியின் எதிரே ஒரு சிறு கதிரியக்க மூலத்தை வைத்து, தொலைவு பாதியாகும்போது எண்ணிக்கை நான்கு மடங்காகிறது என்று மெய்ப்பிக்க வேண்டும். 10 சென்டிமீட்டரில் வைத்தோம். நொடிக்கு ஏறத்தாழ 900. அடுத்து 5 சென்டிமீட்டர். 3,600 வரவேண்டும் அல்லவா? 2,900ஐக்கூட எட்டவில்லை. மூன்று முறை எடுத்தும் அதே கதைதான். மேற்பார்வைக்கு வந்தவர், 'கருவி பழசு, வரவேண்டிய விடையைப் போட்டுவிடுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் அழித்து எழுதினோம். குறிப்பேட்டில் கையொப்பமும் கிடைத்தது.

மூலமும் எண்ணியும் மிக நெருங்கும்போது வடிவக் காரணங்களாலும் விதி சிறிது பிசகும் என்பது உண்மைதான். ஆனால் அன்று எங்களுக்குக் குறைந்துபோன எண்ணிக்கையில் பெரும்பகுதி வேறோர் இடத்தில் தொலைந்தது. அந்த எண்ணி தன் வேலையைத்தான் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. பழசாக இருந்தது நாங்கள் அதைப்பற்றி வைத்திருந்த எண்ணம்.

எந்த எண்ணியும் ஒன்றை எண்ணி முடித்து அடுத்ததற்குத் தயாராகச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. கெய்கர் குழாயில் ஒரு கதிர் நுழைந்ததும் மின்கம்பியைச் சுற்றிலும் அயனிகள் பெருகி, ஒரு மின்துடிப்பு பிறக்கிறது. கனத்த நேர் அயனிகள் மெதுவாக நகர்ந்து விலகும்வரை குழாயினுள் மின்புலம் தளர்ந்தே இருக்கும். அந்த இடைவேளையில் வரும் கதிர் கணக்கில் சேராது. இதைச் செயலற்ற நேரம் என்பர். கெய்கர் குழாய்க்கு இது ஏறத்தாழ 100 மைக்ரோநொடி, அதாவது ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

செயலற்ற நேரத்தில் வரும் புதியவரை எண்ணி எப்படி நடத்துகிறது என்பதைப் பொறுத்து இருவகை எண்ணிகளைப் பாடநூல்கள் விளக்குகின்றன. திருவிழாக் கூட்டத்தில் வாசலில் நின்று ஆள் எண்ணும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆளைப் பார்த்ததும் தலைகுனிந்து நோட்டில் ஒரு கோடு போடுகிறார். குனிந்திருக்கும்போது நுழைபவர்களை அவர் கவனிப்பதில்லை; நிமிர்ந்ததும் அடுத்தவரை எண்ணுகிறார். இவர் முடங்காத வகை. மற்றொருவர் சற்றுப் பதற்றக்காரர். கோடு போடும்போது யாராவது இடித்துக்கொண்டு போனால் கோட்டை முதலிலிருந்து இழுக்கத் தொடங்குவார். கூட்டம் பெருகப்பெருக இடி ஓயாது. அவர் நிமிரவே மாட்டார். இவர் முடங்கும் வகை.

இப்போது எண்களைப் பாருங்கள். செயலற்ற நேரம் 100 மைக்ரோநொடி என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1,000 கதிர்கள் வந்தால் முதல்வகை 909 என்றும் இரண்டாம் வகை 905 என்றும் காட்டும். பெரிய வேற்றுமை இல்லை. 10,000 வந்தால் முதல்வகை 5,000, இரண்டாம் வகை 3,679. ஒரு லட்சம் வந்தால்? முதல்வகை 9,091 காட்டி, பத்தாயிரத்துக்குமேல் போகமாட்டேன் என்று நின்றுவிடும். இரண்டாம் வகை காட்டுவது நொடிக்கு நான்கு அல்லது ஐந்து! கதிரே இல்லாத ஓர் அறையில் வைத்தாலும் ஏறத்தாழ இப்படித்தான் காட்டும். இந்தக் கடைசி எண்ணைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். குறைவாகக் காட்டுவது ஒரு குறை. மிகுதியை வெறுமை போலக் காட்டுவது குறை அன்று, ஆபத்து.

இது வெறும் கணக்கு அன்று. 1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கா ஏவிய எக்ஸ்புளோரர் 1 துணைக்கோளில் அயோவாப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் வான் ஆலன் குழுவினர் ஒரு கெய்கர் எண்ணியை வைத்திருந்தனர். அண்டக் கதிர்களை எண்ணுவதே நோக்கம். தாழ்ந்த உயரங்களில் எதிர்பார்த்தபடி நொடிக்கு முப்பது அளவில் எண்ணிக்கை வந்தது. உயரே, துணைக்கோள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மேலேறிய சில வேளைகளில், எண்ணிக்கை சுழியாயிற்று. கருவி கெட்டுவிட்டதா? கீழே இறங்கியதும் மீண்டும் சரியாக எண்ணிற்றே! அவ்வாண்டு மார்ச் 26 அன்று சென்ற எக்ஸ்புளோரர் 3 தன்னுடன் ஒரு நாடாப் பதிவியையும் கொண்டுசென்றதால், சுற்றுப்பாதை முழுவதற்கும் கணக்கு கிடைத்தது. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, உச்சத்தைத் தொடுகிறது, திடீரென்று சுழியாகிறது, பின்னர் அதேபோல் திரும்பி வருகிறது. குழுவிலிருந்த கார்ல் மெக்கில்வெயின் அதேவகைக் குழாய் ஒன்றை எக்ஸ்-கதிர் இயந்திரத்தின்முன் வைத்துக் கற்றையைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்தார். ஓர் அளவுக்குமேல் குழாயின் துடிப்புகள் மெலிந்துபோய், எண்ணும் சுற்றுக்கு எட்டாமலே போயின. மேலே சுழி காட்டிய இடத்தில் கதிர் இல்லாமலில்லை. எண்ணியால் தாங்கமுடியாத அளவு இருந்தது. 1958 மே 1 அன்று வான் ஆலன் இதை வெளியிட்டார். புவியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளுக்கு இன்று அவர் பெயர்தான். ஜூலையில் சென்ற எக்ஸ்புளோரர் 4 துணைக்கோளில் ஈயக் கவசமிட்ட எண்ணியோடு, படிகத்தில் வந்து சேரும் மொத்த ஆற்றலை அளக்கும் கருவி ஒன்றும் இடம்பெற்றது. மரக்காலையும் கையோடு கொண்டுபோனார்கள் என்று சொல்லலாம்.

இந்த வரலாற்றைச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் கண்டுபிடிப்பின் பெருமையோடு நிறுத்திவிடுகின்றன. எனக்கு அதில் மெக்கில்வெயின் செய்த வேலைதான் பெரிதாகப் படுகிறது. கருவியைப் பழிக்காமலும், அதன் வாக்கை அப்படியே நம்பாமலும், அதைக் கூண்டில் ஏற்றி விசாரித்தாரே!

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்கிவிடவேண்டும். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணுவுலை வெடித்தபின் மணிக்கு 3.6 ராண்ட்ஜன் என்று மேலிடத்துக்கு அறிவிக்கப்பட்ட செய்தியை இதற்கு எடுத்துக்காட்டாகச் சிலர் கூறுகின்றனர். அது வேறு. கையிலிருந்த அளவியின் கோல் நொடிக்கு 1,000 மைக்ரோ ராண்ட்ஜனோடு முடிந்துவிட்டது. அதை மணிக்கணக்காக்கினால் 3.6 ராண்ட்ஜன். முள் கோலின் கடைசிக்கு வந்து நின்றதைக் கண்டவர்கள் 'இதற்குமேல் எவ்வளவோ' என்று படிக்கவேண்டியதை 'இவ்வளவுதான்' என்று படித்தனர். அங்கே கருவி தன் எல்லையைக் கண்ணுக்குத் தெரியும்படியாவது காட்டியது. முடங்கும் எண்ணியோ கோலின் நடுவில் நின்றுகொண்டே பொய் சொல்லும். அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இனி இன்றைய கருவிகளுக்கு வருவோம். கெய்கர் குழாயின் காலம் வேறு, இப்போது எல்லாம் வேகமாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம்.

சுவிட்சர்லாந்தில் பால் ஷெரர் ஆய்வு நிலையத்தினர் தங்கள் சிங்க்ரோட்ரான் ஒளிமூலத்துக்காகப் பிலாட்டஸ் என்ற கருவியை உருவாக்கினர். லூசெர்ன் நகரருகே உள்ள மலையின் பெயர் அது. பின்னால் வந்த ஐகர், யுங்ஃபிராவ் என்ற கருவிகளுக்கும் மலைப்பெயர்களே வைத்தனர். 2007இல் அங்கு நிறுவப்பட்ட பெரிய பிலாட்டஸ் கருவியில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்கட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றும் 172 மைக்ரோமீட்டர் சதுரம். ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் தனக்கென்று ஒரு மின்பெருக்கி, ஓர் ஒப்பீட்டுச் சுற்று, ஓர் எண்ணி. அறுபது லட்சம் கெய்கர் எண்ணிகளை ஒரு பலகையில் பதித்தாற்போல என்க.

12 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஓர் எக்ஸ்-கதிர் ஃபோட்டான் சிலிக்கானில் விழுந்தால் ஏறத்தாழ 3,300 எலெக்ட்ரான்-துளை இணைகள் பிறக்கின்றன. இந்த மின்னூட்டம் ஒரு துடிப்பாகிறது. துடிப்பின் உயரம் குறித்த வரம்பைத் தாண்டினால் எண்ணி ஒன்று கூட்டும். வரம்பைப் பொதுவாக ஃபோட்டான் ஆற்றலின் பாதியில் வைப்பார்கள். மின்சுற்றின் சிறு இரைச்சல்கள் அந்த வரம்பைத் தாண்டா. ஆகவே கதிர் இல்லாத இடத்தில் கருவி சுழியே காட்டுகிறது. இது பெரிய நன்மை. மங்கலான புள்ளிகளை அளப்பதில் இவ்வகைக் கருவிகளுக்கு நிகரில்லை என்பதை நான் மறுக்கவில்லை. புரதப் படிகங்களின் கட்டமைப்பை அறியும் துறையே இவற்றால் மாறியது.

ஆனால் ஒரு துடிப்பு எழுந்து அடங்க இங்கும் நேரம் வேண்டும். அது ஏறத்தாழ 100 நானோநொடி, ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு. கெய்கர் குழாயைவிட ஆயிரம் மடங்கு வேகம்தான். அதற்கேற்றாற்போல் கற்றைகள் ஆயிரம் மடங்குக்கும் மேலாக வலுத்துவிட்டனவே! முதல் துடிப்பு அடங்குமுன் இரண்டாம் ஃபோட்டான் வந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வரம்புக்குக் கீழே இறங்காமலே நீண்ட ஒரே துடிப்பாகின்றன. எண்ணி ஒன்று மட்டும் கூட்டும். நம் பதற்றக்காரர் மறுபடி வந்துவிட்டார்.

ஒரு கட்டத்தில் நொடிக்கு 2 கோடி ஃபோட்டான் விழுந்தால் இத்தகைய எண்ணி காட்டுவது 27 லட்சம். அதே கட்டத்தில் 40 லட்சத்து 60 ஆயிரம் விழுந்தாலும் அது காட்டுவது அதே 27 லட்சம்தான். திரையில் தெரியும் எண்ணை வைத்துக்கொண்டு இரண்டில் எது என்று எவராலும் சொல்ல இயலாது. அட்டவணையைப் பார்த்துத் திருத்தும் கணிப்பொறி இரண்டில் சிறியதையே எடுத்துக்கொள்ளும். அப்போது உண்மையில் ஐந்தில் ஒரு பங்கே கணக்கில் சேரும்.

இதைத் தவிர்க்கப் பொறியியலாளர்கள் ஒரு நல்ல உபாயம் கண்டனர். ஒரு துடிப்பை எண்ணியபின் குறித்த நேரம் கழித்துச் சுற்று மறுபடி பார்க்கும். துடிப்பு இன்னும் வரம்புக்குமேல் நின்றால் வேறொன்றும் வந்திருக்கிறது என்று கொண்டு இன்னொன்று கூட்டும். இதனால் முடங்கும் எண்ணி முடங்காத எண்ணியாக மாறுகிறது. பாராட்டத்தக்க வேலை. கற்றை வலுத்தால் காட்டும் எண் குறைவதில்லை, ஏறிக்கொண்டே போகிறது. ஆயின் இங்குதான் விளம்பரத் தாள் தன் கைவரிசையைக் காட்டுகிறது. 'ஒரு கட்டத்துக்கு நொடிக்கு இத்தனை கோடி ஃபோட்டான்' என்று ஒரே ஓர் எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். அந்த வேகத்தில் அளவு எவ்வளவு நம்பத்தக்கது என்பது அதே அளவு தடித்த எழுத்தில் வருவதில்லை.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். முடங்காத எண்ணி ஒன்று, செயலற்ற நேரம் 100 நானோநொடி. அது நொடிக்கு 80 லட்சம் காட்டுகிறது. அப்படியானால் நொடியில் பத்தில் எட்டுப் பங்கு அது குனிந்தே இருந்திருக்கிறது. மீதி இரண்டு பங்கில்தான் விழித்திருந்தது. ஆகவே உண்மை எண்ணிக்கை 80 லட்சத்தை 0.2ஆல் வகுத்தால் வரும் 4 கோடி. சரி. ஆனால் செயலற்ற நேரம் 100 அன்று, 105 நானோநொடி என்று இருந்தால்? விழித்திருந்த பங்கு 0.16, விடை 5 கோடி. நேரத்தில் ஐந்து விழுக்காடு ஐயம், விடையில் இருபத்தைந்து விழுக்காடு வேற்றுமையாகிவிட்டது. அறுபது லட்சம் கட்டங்களின் செயலற்ற நேரமும் ஒன்றுபோல் இருக்கும் என்று நம்பலாமா? மின்பெருக்கியை அமைக்கும் விதம், ஃபோட்டானின் ஆற்றல், வைத்த வரம்பு ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். 'திருத்தம் தானாகவே செய்யப்படுகிறது' என்ற சொற்றொடரைப் படிக்கும்போதெல்லாம், எவ்வளவு திருத்தினீர்கள் என்று கேட்கும் பழக்கம் வேண்டும். ஐந்து விழுக்காடு திருத்தமானால் கவலை இல்லை. ஐந்து மடங்குத் திருத்தம் திருத்தம் அன்று, ஊகம்.

இதைவிட நுட்பமான மற்றொரு குறை உண்டு. திருத்தச் சூத்திரங்கள் எல்லாம் ஒன்றை எடுத்துக்கொள்கின்றன: படம் பிடிக்கும் நேரம் முழுவதும் கதிர் ஒரே வீதத்தில் வந்தது என்று. புரதப் படிக ஆய்வில் படிகத்தைச் சுழற்றிக்கொண்டே படம் எடுக்கிறார்கள். ஒரு புள்ளி, படிகம் சரியான கோணத்தைக் கடக்கும் சிறிது நேரமே பளிச்சிட்டு மறையும். ஒரு படத்துக்குப் பத்தில் ஒரு நொடி என்றும், அதில் ஐம்பதில் ஒரு நொடி மட்டும் புள்ளி ஒளிர்ந்தது என்றும், அந்நேரத்தில் ஒரு கட்டத்தில் மொத்தம் ஒரு லட்சம் ஃபோட்டான் விழுந்தது என்றும் கொள்வோம். ஒளிர்ந்தபோது வீதம் நொடிக்கு 50 லட்சம். முடங்கும் எண்ணி பிடித்தது 60,650. திருத்தும் கணிப்பொறிக்கோ புள்ளி எப்போது ஒளிர்ந்தது என்று தெரியாது. அது பத்தில் ஒரு நொடிக்கும் பரப்பி, வீதம் ஆறு லட்சம்தானே என்று சிறிய திருத்தம் செய்து 64,700 என்று விடை தருகிறது. உண்மை ஒரு லட்சம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. போனது யாருக்கும் தெரியவுமில்லை. படிகத்தை இன்னும் நுண்ணிய கோணங்களாகப் பகுத்துப் படம் எடுத்தால் இக்குறை பெரிதும் தணியும். வலுவான புள்ளிகள்தாம் இவ்வாறு மெலிகின்றன என்பதை மறவாதீர்கள். மூலக்கூறின் பெருவடிவத்தைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் அப்புள்ளிகளே.

கற்றையும் நாம் நினைப்பதுபோல் இடையறாத ஓட்டம் அன்று. சிங்க்ரோட்ரான் வளையத்தில் எலெக்ட்ரான்கள் கொத்துக் கொத்தாகச் சுற்றுகின்றன. பிரான்சில் கிரெனோபிள் நகரிலுள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரானின் சுற்றளவு 844 மீட்டர். அங்கு 16 கொத்து முறையில் ஒரு கொத்துக்கும் அடுத்ததற்கும் 176 நானோநொடி இடைவெளி. ஒரு கொத்தின் ஃபோட்டான்கள் யாவும் நானோநொடியில் ஒரு சிறு பகுதிக்குள் வந்து விழுந்துவிடும், பிறகு அமைதி. இப்போது செயலற்ற நேரம் 20 நானோநொடியே உள்ள மிக வேகமான எண்ணி ஒன்றை வாங்கி வைத்தீர்கள் என்று கொள்வோம். கொத்துக்குச் சராசரி ஒரு ஃபோட்டான் வீதம் வந்தால், சூத்திரத்தின்படி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே தொலையவேண்டும். உண்மையிலோ நூற்றுக்கு 37 தொலைகிறது. ஒரு கொத்தில் ஒன்று வந்தாலும் மூன்று வந்தாலும் எண்ணிக்கு அது ஒன்றே. கருவியின் வேகத்துக்குக் கொடுத்த பணம் இங்கு வீண். அவசரமில்லாமல் வரும் கூட்டத்துக்கு எழுதிய சூத்திரத்தை, வண்டி வண்டியாக வந்து இறங்கும் கூட்டத்துக்குப் பொருத்தியதால் வந்த வினை இது. பிலாட்டஸ் போன்ற கருவிகளைச் செய்வோர் இதை அறியாதவர்கள் அல்லர். எந்த வளையத்தில் கொத்துகள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்று பார்த்து, அதற்கென்றே கணிப்பொறியில் ஒப்புருக் கணக்குகள் நடத்தித் தனித்தனி அட்டவணைகள் தயாரித்தும் இருக்கின்றனர். கல்லூரிப் பாடத்தில்தான் இரண்டு சூத்திரங்களும் இயற்கை விதிகள் போல நின்றுகொண்டிருக்கின்றன.

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்துச் செய்திகள். நமக்கென்ன என்று எண்ணவேண்டா. ஃபோட்டான்களை எண்ணும் முதல் சி.டி. ஸ்கேன் கருவிக்கு 2021 செப்டம்பரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. இதில் சிலிக்கானுக்குப் பதில் காட்மியம் டெல்லூரைடு படிகம். எண்ணுவதோடு ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலையும் இது தரம் பிரிக்கிறது; அதனால் எலும்பின் கால்சியத்தையும் ஊசிவழி செலுத்திய அயோடினையும் பிரித்துக் காட்டவல்லது. நல்லது. ஆனால் நோயாளியின் உடல் விளிம்பில், கதிர் தடையின்றி நேரே வந்து விழும் இடத்தில், எண்ணிக்கை வெள்ளம் போலப் பாய்கிறது. 60 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான்கள் இரண்டு சேர்ந்து விழுந்தால், கருவி 120 ஆற்றலுள்ள ஒன்று என்று எழுதும். எண்ணிக்கையும் தவறு, இனமும் தவறு. கட்டங்களைச் சிறிதாக்கினால் ஒவ்வொன்றுக்கும் கூட்டம் குறையுமே என்றால், அப்போது ஒரே ஃபோட்டானின் மின்னூட்டம் இரண்டு கட்டங்களுக்கிடையே சிதறி, இருவரும் ஆளுக்கொன்று எண்ணுவதோ இருவருமே விட்டுவிடுவதோ நிகழ்கிறது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் போதாத போர்வை இது. கருவி அமைப்போர் நடுவில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எந்த இடம் என்று வாங்கும் மருத்துவமனை கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

எண்ணுவதே முற்றிலும் கைவிடப்பட்ட இடமும் உண்டு. 2009இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இயங்கத் தொடங்கிய எக்ஸ்-கதிர் லேசர், ஒரு நொடியில் கோடானுகோடியில் சில பங்கே நீடிக்கும் துடிப்புகளாகக் கதிரை அனுப்புகிறது. ஒரு துடிப்பில் லட்சம் கோடி அளவில் ஃபோட்டான்கள். அங்கே ஒரு கட்டத்தில் ஆயிரம் ஃபோட்டான் ஒருங்கே விழுந்தாலும் எண்ணி 'லாபம்' என்று ஒன்றைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். இரண்டு என்று சொல்ல அதற்கு வாய்ப்பே இல்லை. எனவே அங்கு மரக்கால்தான். யுங்ஃபிராவ் போன்ற கருவிகள் மின்னூட்டத்தைச் சேர்த்து அளக்கின்றன. கொஞ்சமாக வந்தால் சிறு மரக்கால், மிகுதியாக வந்தால் பெரிய மரக்கால் என்று ஒவ்வொரு கட்டமும் தன் அளவைத் தானே மாற்றிக்கொள்கிறது. ஒற்றை ஃபோட்டானையும் பிரித்தறியும், பத்தாயிரத்தையும் தாங்கும். இவற்றுக்கும் குறைகள் உண்டு. கதிர் இல்லாதபோதும் கசியும் மின்னோட்டத்தைக் கழிக்கவேண்டும். அளவு மாறும் இடத்தில் ஒட்டுப்போடவேண்டும். ஆனால் வந்தது மிகுதி என்பதையாவது இவை மறைப்பதில்லை. வலுத்த கற்றைகளுக்கு எண்ணியைவிட இவையே ஏற்றவை என்பது என் கருத்து. எண்ணிக்குப் பழகியவர்கள் இதை எளிதில் ஒப்புவதில்லை.

மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எண்ணியின் வாக்கு எதுவரை செல்லும் என்று அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரே தடிப்புள்ள அலுமினியத் தகடுகள் பத்து போதும். கற்றை ஒரே ஆற்றலுடையதாக இருக்கவேண்டும். கலப்புக் கதிரானால் தகடு மெல்லிய கதிர்களை வடித்துவிட்டுக் கணக்கைக் கெடுக்கும். எல்லாத் தகடுகளையும் வைத்து எண்ணத் தொடங்கி, ஒவ்வொன்றாக எடுங்கள். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை அதே மடங்கு ஏறவேண்டும். எண்ணிக்கையின் மடக்கையை வரைபடத்தாளில் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். எந்தத் தகட்டை எடுக்கும்போது கோடு வளையத் தொடங்குகிறதோ, அந்த எண்ணிக்கையைக் கருவியின்மேல் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். அதற்குமேல் அளக்க நேர்ந்தால் தகடுகளை வைத்தே அளந்து, பிறகு பெருக்கிக்கொள்ளலாம். கோடு வளைவதோடு நில்லாமல் கீழே இறங்குமாயின், நீங்கள் வைத்திருப்பது முடங்கும் வகை. அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதவேண்டும்.

எங்கள் ஆய்வுக்கூடத்திலும் அலுமினியத் தகடுகள் இருந்தன. வேறொரு சோதனைக்கென்று அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள்.